கஸ்டமர் பாத்ரூம்

சர்க்கரை முற்றியதில் என் மூத்திரப்பை தானாகக் காலியாவதை நிறுத்திக்கொண்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை நானே மெல்லிய ட்யூபை உள்ளே விட்டு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சொல்லிக்கொடுத்த நர்ஸம்மா முன்னால் நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அந்தம்மா நிதானமாகச் சொன்னார்: "அண்ணா, நான் இன்னும் உறையே பிரிக்கல."

இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் தடவி, மெதுவாக. அழுக்குக் கை பட்டால் கிருமி நேரே உள்ளே போகும். வீட்டில் சிக்கலே இல்லை. கடையில்தான்.

பட்டுக்கடையில் இருபது வருஷமாக முகூர்த்தப் புடவை பிரித்துக் காட்டுகிறவன் நான். ஊழியர் கழிப்பறை மூன்றாம் மாடியில். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது. கீழே கஸ்டமர் பாத்ரூமில் எல்லாம் உண்டு. எத்தனை கல்யாணப் பெண்களின் அத்தைமாருக்கு நானே வழி காட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அங்கே போய்க்கொள்ள அனுமதி கேட்டேன். "அது கஸ்டமருக்குப்பா," என்றார் மேனேஜர். "மேல பக்கெட்டுல தண்ணி எடுத்துக்கினு போ."

நான் கேட்டது என்ன, கடையில் பங்கா? ஆனால் விஷயத்தைச் சொல்ல வெட்கம். சுகர் என்று மட்டும் முனகிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று தாமலிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி. நாற்பது புடவை பிரித்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. என் அடிவயிற்றில் அவர்கள் ஊர் ஏரியே நிரம்பி நின்றது. வேர்த்துக் கொட்டியது. சாகப்போகிறேன் என்று முடிவு செய்து, பீரோ சாவி இருக்கும் இடத்தைப் பெண்டாட்டிக்குப் போனில் சொல்லப் பார்த்தேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

எழுந்தேன். ஒரு ரவிக்கைத் துணி எடுத்து, பணம் கட்டி, பில்லோடு கீழே நடந்தேன்.

"யோவ், எங்க போற?" என்று மேனேஜர் குறுக்கே வந்தார்.

"கஸ்டமரை யோவ்னா கூப்பிடுவீங்க சார்?"

வேலை முடிந்து மேலே வந்ததும், பின்னாலேயே வந்த மேனேஜரிடம் அடுத்த ட்யூபை எடுத்துக் காட்டி, எங்கே, எதற்கு, எத்தனை தடவை என்று கோஷ்டி காதுபடவே விளக்கினேன்.

"பொம்பளைங்க எதிர்ல பேசற பேச்சாப்பா இது?"

"காலையிலயே வுட்டிருந்தா பேசியிருக்க மாட்டேன் சார்."

மறுநாள் முதலாளி அனுமதி தந்தார். பாவம், வியாதிக்காரனாம், எனக்கு மட்டுமாம். வாங்கிக்கொண்டேன், வேறு வழி? ஆனால் காட்டன் பிரிவில் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி இன்னும் மூன்று மாடி ஏறுகிறாள்.

"அந்தப் பொண்ணுக்கு எந்த வியாதி வந்தா கதவு தொறக்கும் சார்?" என்று கேட்டேன். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.