சாமி சோற்றில் உப்பு

என் அப்பாவுக்கும் அடுப்புக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, பீடி பற்றவைக்க அதனிடம் நெருப்பு வாங்கிக்கொள்வதுதான். வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட, கொதித்துவிட்டதா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அப்படிப்பட்டவர், நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், கார்த்திகை முதல் தேதியிலிருந்து தானே பொங்கித் தானே சாப்பிட ஆரம்பித்தார். அதற்குக் காரணம் நான்தான்.

அந்த ஆடியில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிள்ளை பிழைத்தால் மலைக்கு வருகிறேன் என்று அப்பா ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டாராம். நான் பிழைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளில் கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் சிங்காநல்லூரில் தெருவுக்குப் பத்துப் பேர் கறுப்பு வேட்டியில் நடமாடுவார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவரானார். பீடி போயிற்று, செருப்பு போயிற்று, அம்மாவை அதட்டுவதும் போயிற்று. என்னைக்கூட, "தண்ணி கொஞ்சம் கொண்டாங்க சாமி" என்று கேட்டார். நாற்பத்தொரு நாளைக்கு வீட்டில் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. அதை அனுபவிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

குருசாமி என்று எல்லோரும் அழைத்தவர் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். கன்னிச்சாமி, அதாவது முதல் வருஷம் மலைக்குப் போகிறவர், ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிட்டு, அதையும் தன் கையாலேயே ஆக்கிச் சாப்பிட்டால் ரொம்ப விசேஷம் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். விசேஷம் என்றுதான் சொன்னார். அப்பா அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். தான் வேலை பார்த்த நூல் மில்லில் மேஸ்திரி வாய்தவறிச் சொல்வதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

எங்களுடையது மில் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு ஓட்டுச் சாய்ப்பும். அந்தச் சாய்ப்பில் அப்பாவின் தனிச் சமையல் தொடங்கியது. ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரம், ஒரு கரண்டி, உப்புக்கு ஒரு புது டப்பா. அவர் கையைத் தவிர வேறு கை எதிலும் படக்கூடாது.

விடிகாலை நாலரைக்கு எழுந்து தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். குளத்துப் பக்கமிருந்து பனி இறங்கி ஓடெல்லாம் நனைந்திருக்கும் மாதம் அது. முதல் சொம்புக்குச் சரணம் ஒழுங்காக வரும், மூன்றாம் சொம்புக்குப் பல் கிட்டித்து பாதிச் சரணம் தொண்டையிலேயே நின்றுவிடும். பூஜை முடித்து ஸ்டவ்வைப் பற்றவைத்து அதன் முன்னால் குந்திக்கொள்வார். அரை டம்ளர் அரிசி, ஒரு பிடி துவரம்பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் சீரகம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவிட்டால் அரிசிம்பருப்பு. எங்கள் பக்கத்தில் மழைக்கும் குளிருக்கும், காய்கறி இல்லாத நாளுக்கும் அதுதான் கதி. இறக்கும்போது ஒரு சொட்டு நெய் விட்டால் ஒரு ஆளுக்கு வயிறும் நிறையும், உடம்பும் சூடாகும். அம்மா செய்தால் சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துப் போடுவாள். சாமிக்கு இரண்டும் விலக்கு.

முதல் வாரம் அடிப்பிடித்தது. இரண்டாம் வாரம் கஞ்சியாயிற்று. மூன்றாம் வாரம் ஒருவழியாகச் சோறு என்று சொல்லும்படி வந்தது. உப்பு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. படைக்கிற சோற்றை முதலில் ருசி பார்க்கக் கூடாது. படைத்தபின் அது பிரசாதம், அதில் உப்புப் போட்டுப் பிசைவது சாமியைக் குறை சொல்வது போல என்று அப்பா நினைத்தார். ஒருநாள் கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டு, வாயில் வைக்க முடியாத அந்தச் சோற்றைக் கண்ணில் நீர் வர முழுங்கினார். அன்றிலிருந்து பயந்துபோய் எண்ணி நாலே நாலு கல் போட ஆரம்பித்தார். நாலு கல் எந்த மூலைக்கு? சப்பென்ற சோற்றில் பாதியை எப்படியோ உள்ளே தள்ளுவார். மீதியைக் காக்கைக்கு வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். ராத்திரிக்கு இரண்டு வாழைப்பழம்.

"உப்பு மட்டுமாச்சும் நான் போடறேனுங்க" என்று அம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வேண்டாஞ் சாமி. என்ற கையால ஆக்கித் திங்கறேன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன். புள்ளைக்காவ வெச்ச வேண்டுதல். அதுல கோளாறு வரப்படாது" என்றார் அப்பா.

அப்பா இளைத்துக்கொண்டே போனார். கழுத்தெலும்புக் குழியில் துளசிமாலை போய் உட்கார்ந்துகொண்டது. மில்லில் நூல் ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் அவர் ஒருநாள் தள்ளாடி நின்றதாகவும், கூட இருந்தவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டதாகவும் எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னாள். அவளுடைய வீட்டுக்காரரும் அதே ஷிப்டு. அம்மா முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எனக்கு வந்த காமாலை அப்பாவைத் தின்கிறது என்று என் ஒன்பது வயது மூளைக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. அந்த மிஷினும் அப்பாவின் கையுமே கண்ணுக்குள் நின்றன.

முப்பதாம் நாள் காலையில் அதைச் செய்தேன். சோற்றை இறக்கித் தட்டால் மூடிவிட்டு, லைன் முனையிலிருக்கும் பிள்ளையாருக்கு விளக்குப் போட அப்பா போவது வழக்கம். திரும்ப வரப் பத்து நிமிஷமாகும். நான் சாய்ப்புக்குப் போய்த் தட்டை நகர்த்தி, ஒரு விரலால் சோற்றை எடுத்து நக்கிப் பார்த்தேன். மண்ணைத் தின்பது போலிருந்தது. டப்பாவிலிருந்து உப்பை எடுத்துப் போட்டுக் கிளறி, அதே விரலால் இன்னொரு தரம் நக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூடி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் நான் குளிக்கவில்லை, பல்கூட விளக்கவில்லை என்பது உறைத்தது. விரதச் சோற்றை எச்சிலாக்கிவிட்டேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா வந்துவிட்டார், படைத்துவிட்டார், சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டார். முதல் வாய் வைத்ததும் நிறுத்தினார். பிறகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சோற்றின் ஆவி முகத்தில் படப் படச் சாப்பிட்டார். பாத்திரத்தைச் சுரண்டி வழித்தார். அன்று காக்கைக்கு ஒன்றுமில்லை.

"சாமி கண்ணத் தொறந்துட்டாருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சமையலறை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொண்டேன்.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். வேடிக்கை என்னவென்றால், மறுநாளும் அப்பா பாத்திரத்தை வழித்துத்தான் சாப்பிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. "நாலு கல்லுதான் சாமி கணக்கு, கை பழகிருச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. எனக்கோ வேதனை இரட்டிப்பாயிற்று. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அவருக்கே கை பழகியிருக்கும். நான் வீணாகப் பாவம் பண்ணியிருக்கிறேன்.

போதாததற்கு எதிர்வீட்டு அக்கா ஒரு கதை சொன்னாள். சூலூர்ப் பக்கத்து சாமி ஒருத்தராம், விரதத்தில் ஏதோ குறையாம். "காட்டு வழியில ஆனை வந்து நின்னுக்கிச்சாமுங்க. மத்த சாமியையெல்லாம் உட்டுப்போட்டு அவரு ஒருத்தரை மட்டும் மோந்து மோந்து பாத்துச்சாமா" என்றாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்த யானை அப்பாவின் வாயை மோந்து பார்ப்பதை நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எச்சில் அதற்குத் தெரியாமலா போகும்?

இருமுடி கட்டும் நாளில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக முடியில் கைப்பிடி அரிசி போட வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். என் முறை வந்தபோது கை நடுங்கிப் பாதி அரிசி கீழே சிந்தியது. "கொழந்தைக்குக் குளுருதாட்ட இருக்குது" என்றார் குருசாமி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் தலையில் கை வைத்து, "போய்ட்டு வாரேன்" என்று சொல்லாமல், அவர்கள் வழக்கப்படி திரும்பிப் பார்க்காமலே வேன் ஏறினார்.

அவர் வர ஐந்து நாளாகும். ஃபோன் பேசுகிற வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. மார்கழிக் குளிர் பொழுது சாயும் முன்பே இறங்கிவிடும். அம்மா எனக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் அரை டம்ளர் அரிசி போட்டு, வெங்காயம் பூண்டு தாளித்து அரிசிம்பருப்பு செய்தாள். ஒருநாள் கொள்ளு ரசம் வைத்தாள். நான் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "நீங்க?" என்றால், "பசிக்கலை கண்ணு" என்பாள். காபி மட்டும் குடித்தாள். அவள் அப்பாவுக்காக விரதமிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, என் குற்றத்தைத் தெரிந்துகொண்டுதான் சாப்பிடாமல் என்னைத் தண்டிக்கிறாள் என்று தோன்ற ஆரம்பித்தது. வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே இருவரும் எழுந்து நின்றோம்.

நாலாம் நாள் பொழுது சாயும் நேரம், சோற்றை வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"ஏஞ்சாமி அப்படிக் கேக்கறே?"

"நான் சாமி சோத்தை எச்ச பண்ணிப்போட்டேன். உப்புப் போட்டு, நக்கிப் பாத்துப்போட்டேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா "என்னைக்கு?" என்றாள்.

"அப்பா மொத மொதல்ல பாத்தரத்தை வழிச்சுத் தின்னாங்கல்ல, அன்னைக்கு."

என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "அன்னைக்கு ஒரு நாளுதானா?"

"ஒரு நாளுதான். சத்தியமா ஒரு நாளுதான்."

இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் ஆவாது கண்ணு. கொழந்தைக எச்சிலு சாமிக்கு ஆவும். தெரிஞ்சவங்க தெரிஞ்சே செஞ்சாத்தான்..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். அவள் உடம்பு நடுங்கியது. குளிருகிறது என்று நினைத்து என் போர்வையில் பாதியை அவள்மேல் போட்டேன். அப்புறம் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மீதிச் சோற்றைத் தின்றுவிட்டு அவள் மடியிலேயே படுத்தேன்.

மறுநாள் அப்பா வந்து சேர்ந்தார். காலில் கொப்புளத்தைத் தவிர வேறு எந்தச் சேதாரமும் இல்லை. யானையைப் பார்க்கவே இல்லையாம். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, எதிர்வீட்டு அக்கா வந்து தேற்றுகிற அளவுக்கு அழுதாள். பத்திரமாக வந்துவிட்ட மனிதருக்காக ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மாலை கழற்றிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீரம் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் தானே அரிசிம்பருப்பு செய்வதாக அறிவித்தார். அரை டம்ளருக்கு நாலு கல் என்றால் ஒன்றரை டம்ளருக்குப் பன்னிரண்டு கல் என்று கணக்குப் போட்டு, எண்ணிப் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சப்பு. அப்பா திகைத்துப்போனார். "மாலையக் கழட்டுனதும் கைப்பக்குவத்தையும் சாமி வாங்கிக்கிட்டாராட்ட இருக்குது" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, உப்பு ஜாடிப் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். நானும் அப்பா சொன்னதை நம்பினேன். பல வருஷம் நம்பினேன்.

பீளமேட்டில் தனி அறை எடுத்து, எனக்கு மட்டும் அரை டம்ளர் அரிசி களைந்து போடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அந்த அளவுக்கு நாலு கல் உப்பு என்றைக்கும் போதாது. நான் போட்டது ஒரே ஒரு நாள். மீதிப் பதினோரு நாளும், அப்பா பிள்ளையாருக்கு விளக்குப் போடப் போன பத்து நிமிஷத்தில், அவர் வயிறாரச் சாப்பிட்டதை ஒரு நாள் பார்த்துவிட்ட இன்னொருத்தி சாய்ப்புக்குப் போயிருக்கிறாள். எங்கள் மூவரிலும் சாமிக்கு அதிகம் பயந்தவள் அவள்தான். பயந்துகொண்டே போயிருக்கிறாள், தினமும் போயிருக்கிறாள்.

அந்த நாலாம் நாள், ஒண்ணும் ஆவாது என்று எனக்குச் சொல்ல அவள் இருந்தாள். அவளுக்கு அதைச் சொல்ல அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். நான் தூங்கிவிட்டேன்.