கேட்பதற்கு முன் குடித்த காபி

'ஸ்ர்ர்ர்ப்!'

கூடத்திலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் சமையலறையில் நின்றிருந்த நிஹாயாவுக்கு நெஞ்சே நின்றுவிட்டது. யாரோ காபியை உறிஞ்சிவிட்டார்கள்!

"அம்மா, குடிச்சிட்டாங்களா?" லுஜைன் தாயின் முழங்கையைப் பற்றினாள்.

"உங்கப்பாவா இருக்கும்டி."

"அப்பா சத்தம் போட்டுக் குடிக்க மாட்டாரும்மா. அந்தப் பழக்கத்த ஸ்வீடன்லயே விட்டுட்டாரு."

அப்படியானால் அது ஹாஜி தியாப்தான். மாப்பிள்ளைப் பையன் மஹ்ரானின் பெரிய தகப்பனார். அஸ்ஸல்த் நகரத்தில் பெண் கேட்கப் போகும் எந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்குகிற மீசைக்காரர். பெண் வீட்டார் கொடுக்கும் முதல் கோப்பையை வாய் வைக்காமல் மேசையில் வைத்து, "வந்த காரியம் முடிஞ்சாத்தான் காபி" என்று சொல்லிச் சொல்லியே கிழவரானவர். அவர் போய் கேட்பதற்கு முன்னால் குடித்தால் என்ன அர்த்தம்? எங்களுக்கு எதுவும் வேண்டாம், சும்மா இந்தப் பக்கம் வந்தோம், காபி நன்றாக இருக்கிறது, போய் வருகிறோம் என்று அர்த்தம்.

லுஜைனின் கண்கள் நிறைந்தன. மஹ்ரானைத் தவிர வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ளச் சொன்னால், அதோ அந்தக் குனாஃபா இனிப்புத் தட்டிலேயே முகம் புதைத்து மூச்சை விட்டுவிடுவேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

நிஹாயாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எல்லாம் கணவர் ரஸ்மியால் வந்த வினை.

ரஸ்மி ஸ்வீடனில் டிராம் ஓட்டியவர். அங்கே இருந்தவரைக்கும் அவருக்கு அந்த ஊரில் எதுவுமே பிடித்ததில்லை. "மேல் வீட்டுக்காரன் செத்துக் கிடந்தாலும் போன் பண்ணி அனுமதி கேட்டுத்தான் பார்க்கப் போகணும். இதெல்லாம் ஒரு ஊரா? எங்க அஸ்ஸல்த்ல கதவையே தட்ட மாட்டான். நேரா அடுப்படிக்கு வந்து சட்டியத் திறந்து பார்ப்பான்!" என்று பனியைப் பார்த்துக் கத்துவார். வீட்டுக்கு விளையாட வந்த பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போகப் பார்த்தால் விடமாட்டார். வயிறு முட்ட ஊட்டித்தான் அனுப்புவார். அவர்களுடைய பெற்றோர் மறுநாள் பயந்துபோய் நன்றி சொல்ல வருவார்கள்.

ஊருக்குத் திரும்பினார்கள். மறு வாரமே மனிதர் தலைகீழாகிவிட்டார். "அங்கெல்லாம் பஸ் ஆளுக்காகக் காத்திருக்காது. இங்க பஸ் நிறையற வரைக்கும் டிரைவர் டீ குடிக்கிறான்." "அங்கெல்லாம் சொல்லாம எவனும் வரமாட்டான்." பக்கத்து வீட்டுக்காரி உம் ஸெய்தூன் ஒருநாள் நேராக அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்த்தபோது, ரஸ்மி கோபித்துக்கொண்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'அங்கெல்லாம் மாமா'.

விடைபெறுவதைப் பற்றி அவர் தனியாகவே ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார். "அங்கெல்லாம் ஒரு வார்த்தை. செருப்பப் போட்டான், போனான். இங்க வாசல்ல நின்னு இன்னொரு விருந்தே நடத்துறாங்க."

பெண் கேட்க வருகிறார்கள் என்றதும் மஹ்ரானிடமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் காபி நாடகமெல்லாம் என் வீட்ல வேணாம் தம்பி. ஆறிப்போன காபிய முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது என்ன பழக்கம்? வந்தா குடிங்க. அப்புறம் பேசுங்க."

அப்பாவிப் பையன், வரி பிசகாமல் பெரியப்பாவிடம் ஒப்பித்திருக்கிறான்.

சமையலறைக் கதவு திறந்தது. ரஸ்மி. முகத்தில் ரத்தமே இல்லை.

"குடிச்சிட்டாங்க" என்றார்.

"கேட்டுச்சு. ஏன்யா மனுஷா, நீதானே குடிக்கச் சொன்ன?"

"சொன்னேன். அதுக்காகக் குடிச்சிடுவாங்களா?"

நிஹாயா கையிலிருந்த கரண்டியை மேடையில் போட்டாள்.

"என் பொண்ணு என்ன கடையில கிடக்கிற கத்திரிக்காயா?" அவர் குரல் உடைந்தது. "எங்கப்பா உன்ன கேக்க வந்தப்ப உங்கப்பா எவ்வளவு நேரம் உக்கார வெச்சாரு? காபி மேல ஆடையே படிஞ்சு போச்சு. எங்கப்பா அசையல. அது மரியாதை! இவரு கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கு. அவ்வளவுதானா என் பொண்ணு? காபி குடிச்சாச்சுல்ல, போகட்டும். நான் வழியனுப்பிடுறேன்."

"அப்பா!" லுஜைன் அலறாமல் அலறினாள். "உங்களுக்குப் பிடிக்கும்னுதானே அவரு குடிச்சாரு!"

"எனக்குப் பிடிக்கும்னு எவன் சொன்னது?"

தாயும் மகளும் ஒரே நேரத்தில் அவரையே கைகாட்டினார்கள்.

ரஸ்மி திரும்பிக் கூடத்துக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும் நிஹாயாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆள் செய்துவிடுவார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வாழ்நாள் முழுக்க மகள் முகத்தைப் பார்த்து அழுவார். அவள் அடுப்பிலிருந்த காபிக் கெண்டியைத் தூக்கினாள். ஏலக்காய் ஒரு சிட்டிகை தட்டினாள். கணவன் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் நின்றாள்.

ஹாஜி தியாப் கொலைக்குற்றம் செய்தவர்போல உட்கார்ந்திருந்தார். காலி கோப்பையை இரண்டு கையாலும் மடியில் மறைத்து வைத்திருந்தார். பக்கத்தில் மஹ்ரான் தரைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஹாஜி," என்றாள் நிஹாயா, சர்க்கரைக் குரலில். "இந்த மேட்டுல அத்தனை படி ஏறி வந்தீங்களே, அந்தத் தூசு போக ஒரு வாய் கொடுத்தோம். அது கணக்குல வராது. காபி இதோ, இப்பதான் வருது."

புதுக் கோப்பையில் ஊற்றினாள்.

கிழவரின் மீசை நிமிர்ந்தது. இறந்தவர் எழுந்ததுபோல எழுந்து, கோப்பையை வாங்கி, தெருவுக்கே கேட்கும்படி மேசையில் 'டொக்' என்று வைத்தார்.

"ரஸ்மி! உன் வீட்டுக் காபி இங்கயே இருக்கட்டும். உன் மக லுஜைன எங்க மஹ்ரானுக்குக் கொடுத்தாத்தான் இது என் தொண்டையில எறங்கும்!"

ரஸ்மி நாற்காலியில் சாய்ந்தார். கால்மேல் கால் போட்டார். காபியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தாடையைத் தடவினார். காபியின் ஆவி மெல்ல மெல்ல அடங்கியது. மஹ்ரானின் நெற்றியில் வியர்வை உருண்டது. கதவுக்குப் பின்னால் லுஜைன் காலால் எதையோ உதைத்தாள். ஆவி முழுக்க நின்று, மேலே மெல்லிய ஆடை படிந்தது.

அதைக் கண்டதும் ரஸ்மியின் கண்கள் குளமாயின.

"உங்க காபியக் குடிங்க ஹாஜி" என்றார். "நீங்க கேட்டது உங்களுக்குத்தான்."

'ஸ்ர்ர்ர்ப்!'

நிஹாயா இத்தனை நேரம் நாக்கடியில் அடக்கி வைத்திருந்த குலவை வீட்டைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். குனாஃபா வந்தது, தீர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குலவைச் சத்தத்துக்கென்றே காத்திருந்த உம் ஸெய்தூன் தட்டாமல் உள்ளே வந்தாள். ரஸ்மி அவளுக்குத் தன் கையாலேயே இனிப்பு எடுத்துக் கொடுத்தார்.

கடைசியில் ஹாஜி எழுந்தார்.

"அதுக்குள்ளயா? இப்பதானே வந்தீங்க!" ரஸ்மி அவர் கையை விடவில்லை. வாசலில் நின்று ஆலிவ் விளைச்சலைப் பேசினார். ஹாஜியின் முழங்காலைப் பேசினார். முழங்காலுக்கு ஒரு எண்ணெய் சொன்னார். ஹாஜி ஒரு படி இறங்கினால் இவரும் ஒரு படி இறங்கினார். எல்லாரும் பாதிப் படிக்கட்டு இறங்கிய பிறகும், "உங்க அண்ணனுக்கு சலாம் சொல்லுங்க!" என்று மேலிருந்து கூவினார்.

"எங்க அண்ணன் செத்துப் போயி பல வருஷமாச்சு ரஸ்மி!"

"அப்ப அவரு புள்ளைங்களுக்குச் சொல்லுங்க!"

ஹாஜியின் தலை படிக்கட்டின் வளைவில் மறைந்தது. ரஸ்மி பெருமூச்சுடன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நிஹாயா, அங்கெல்லாம்…"

நிஹாயா அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள்.