ஏரோப்ளேன் படமும் என் மெயின்லேண்ட் பயணமும்

வயர் உள்ள சாமான் மக்கர் பண்ணினால் வயரையாவது ஆட்டிப் பார்க்கலாம்; வயர் இல்லாத சாமானை ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. மவுஸை மேஜையில் தட்டி, பேட்டரியைக் கழற்றி உருட்டி, கடைசியில் கம்ப்யூட்டரைத் திட்டியிருக்கும் எல்லோரும் என் இனம்தான்.

ப்ளஸ் டூ கணக்கில் நான் ஃபெயில். திரும்ப எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்தமானில், எங்கள் போர்ட் பிளேரிலேயே செல்வம் அண்ணனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அப்பா ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் உருப்படியாக ஒன்றும் நடக்காவிட்டால் கடல் தாண்டி மெயின்லேண்ட்: சென்னையில் சித்தி வீடு, டுடோரியல், கணக்கு. அந்த ஒரு மாதக் கதைதான் இது.

ஜெபம் போன வழி

கடையிலிருந்து என்னை அனுப்பியது குட்வில் எஸ்டேட்டில் பிலோமினா அக்கா வீட்டுக்கு. சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஜெபமாலை போடுவார். புளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் வராது. திரையில் மட்டும் 'கனெக்டட்' என்று இருக்கும். ஸ்பீக்கர் போய்விட்டது, புதுசு வாங்கணும் என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

நான் ஜெபத்தை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. இரண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல், ஒரே பெயர். அக்கா லிஸ்டில் முதலில் தெரிந்ததை அமுக்கி அவர்கள் ஸ்பீக்கரைப் பிடித்திருக்கிறார். அதை லிஸ்டிலிருந்து எடுத்தேன். அக்காவுடையதில் நீல விளக்கு மின்னும்வரை பட்டனை அழுத்தி, புதிதாகச் சேர்த்து, 'பிலோமினா' என்று பெயரும் வைத்தேன். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஹிந்தியில் சொன்னது: "அதானே பார்த்தேன். பத்து நாளா கேட்டுக் கேட்டு என் பையன் தமிழ்ல ஜெபம் சொல்றான்."

பீரோவுக்குள் கம்ப்யூட்டர்

ஜங்லிகாட்டில் போட் வைத்திருக்கும் அந்தோணி மாமாவுக்கு மூன்றாவது மவுஸும் வேலை செய்யவில்லை. கடையில் இருந்த சீனியர் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் மவுஸை மாற்றிவிட்டு வந்திருந்தார். செல்வம் அண்ணன் என்னை அனுப்பும்போதே, மாமா திரும்பக் கூப்பிட்டால் நீ கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்தால் சி.பி.யூ.வைக் காணோம். உப்புக் காற்றில் இரண்டு சி.பி.யூ. துருப்பிடித்துப் போனதால் மூன்றாவதை இரும்பு பீரோவில் வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை இழுத்திருந்தார். மவுஸின் குட்டி ரிசீவரும் உள்ளே. சீனியர் வந்தபோதெல்லாம் கதவு திறந்திருந்தது, மவுஸ் ஓடியது. அவர் போனதும் மாமா கதவைச் சாத்துவார், மவுஸ் நின்றுவிடும். இரும்புக்குள் சிக்னல் எப்படிப் போகும்? நான் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளைப் போட்டு ரிசீவரை வெளியே கொண்டுவந்து பீரோ தலையில் ஒட்டினேன். கதவைச் சாத்தினேன். திரையில் அம்பு ஓடியது. மாமா நான்கு தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் மூஞ்சியப் பார்த்தே ரெண்டு மவுஸ் வித்துட்டுப் போனானே, அவன் பீரோவப் பார்க்கலியே புள்ள."

கடைசி நாள்

கெடு முடிந்த அன்று காலை கடைக்கு ஒரு போன். வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸ் செத்துவிட்டது, நெட்டும் இல்லை, யாராவது பெரிய ஆளா அனுப்புங்கள், அந்தப் பெண்ணை அனுப்பாதீர்கள். பேசியது என் அப்பா. செல்வம் அண்ணன் சரி சார் என்று சொல்லிவிட்டு என்னைத்தான் அனுப்பினார்.

அப்பா வாசலில் என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைக் கை காட்டினார். என்னைச் சென்னைக்கு அனுப்பக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல், விமான டிக்கெட் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். திரையின் மூலையில் ஏரோப்ளேன் படம். அமுக்கினார். ஏரோப்ளேன் மோட் ஆன் ஆகி, புளூடூத் மவுஸ், வைஃபை இரண்டும் போய்விட்டன. மவுஸ் இல்லாததால் அதைத் திரும்ப அணைக்கவும் முடியவில்லை.

சரி செய்தால் நெட் வரும்; நெட் வந்தால் என் டிக்கெட்டும் வரும். அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்தது உண்மை. ஆனால் இன்னொரு ஆள் வந்து சரி செய்வதைப் பார்க்க எனக்குத் தாங்காது. வயர் கீபோர்டிலேயே இரண்டு பட்டன் தட்டி, அந்தப் படத்துக்குப் போய் அணைத்தேன். மவுஸ் அசைந்தது.

அப்பா மவுஸைக் கொஞ்ச நேரம் வட்டமாகச் சுற்றினார். பிறகு டிக்கெட் பக்கத்தை மூடினார். "மூணு ஆளைக் கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. கணக்க இங்கயே எழுது. கடைக்கு நேரமாச்சு, கிளம்பு."

அப்பா டிக்கெட் என்று நினைத்து அமுக்கிய ஏரோப்ளேன்தான் என்னைத் தீவிலேயே இறக்கிவிட்டது.