எண்ணினால் பன்னிரண்டு

நம்பாத ஆக்கள் நம்பாதேங்கோ. இது எனக்கு நடந்தது. சத்தியமாய் நடந்தது.

2023 ஒக்டோபர் 21, சனிக்கிழமை. ஜேர்மனியிலை ஹம் நகரத்திலை இருந்து நானும் என்ரை மனுசன் மதிசுதனும் ஹார்ஸ் மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனனாங்கள். காட்டுப்பூனைத் தடம் காட்டக் கூட்டிக்கொண்டு போற நடை. வழிகாட்டியை விட்டுப் பன்னிரண்டு பேர். ஆறு சோடி.

என்ரை மனுசனுக்குச் சீனி வருத்தம். மத்தியானம் இன்சுலின் போட்டவர். நாலரைக்கு முதல் ஏதாவது சாப்பிடோணும், இல்லாட்டி சுருண்டு விழுந்திடுவார். இனிப்பு ரொபி முழுக்க என்ரை பையிலை. என்ரை விசர்ப் புத்தியை என்னெண்டு சொல்ல.

உச்சிக்குக் கிட்ட மரமே இல்லை. பாசி, கல்லு, காத்து. 16:20க்கு மூடுபனி இறங்கிச்சுது. எல்லாரும் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்து மூடிச்சினம். வழிகாட்டி தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பன்னிரண்டு. போவம்."

திரும்பிப் பார்த்தன். பின்னாலை வந்த மனுசனைக் காணேல்லை.

"என்ரை அவரைக் காணேல்லை."

திரும்ப எண்ணினார். பன்னிரண்டு.

"எல்லாரும் நிக்கினம். பயப்பிடாதேங்கோ."

நானும் எண்ணினன். பன்னிரண்டுதான்... நாலைஞ்சு தொப்பிக்குள்ளை எட்டிப் பார்த்தன். எல்லாம் வெள்ளைக்கார முகம்.

"இஞ்சருங்கோ..." எண்டு கத்தினன். கலியாணம் கட்டின பதினாலு வருசத்திலை முதல் தரம் அவரின்ரை பேரைச் சொல்லிக் கத்தினன். காத்து மட்டும் ஊதிச்சுது.

16:38. தேட ஆக்களைக் கூப்பிடச் சொல்லி அழுதன். எண்ணிக்கை சரி எண்டால் கூப்பிட ஏலாதாம். எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் மொழி, நாக்கிலை வரேல்லை. திக்கித் திக்கிச் சொன்னன்.

"ஒவ்வொருத்தரும்... தங்கடை ஆளின்ரை கையைப் பிடிக்கட்டும்."

பிடிச்சினம்.

ஒரு சோடி. ரண்டு. மூண்டு... நாலு... ஐஞ்சு.

மிச்சம் நான்.

என்ரை இடக்கையை ஒரு கை பிடிச்சுது.

ஈரம்.

ஐஸ்.

"சரிதானே?" எண்டார் வழிகாட்டி.

திரும்பினன்... ஒருத்தரும் இல்லை.

வழிகாட்டி எண்ணினார். பதினொண்டு. அவரின்ரை முகம் செத்துப்போச்சு. உடனை போன் எடுத்தார்.

18:52க்கு மீட்புப் படை என்ரை மனுசனைக் கண்டுபிடிச்சுது. ஒரு பாறைக்குக் கீழை இருந்தார். உயிரோடை, நினைவோடை. நான் அந்த இடத்திலையே குந்தியிருந்து அழுதன்.

ஆஸ்பத்திரியிலை சீனி பார்த்தினம். 131, குறையவே இல்லை. ஒண்டும் சாப்பிடாத மனுசனுக்கு இது எப்பிடி எண்டு டொக்டர் கேட்டார். என்ரை மனுசன்ரை வாயெல்லாம் நீலம். மலையிலை முளைக்கிற காட்டுப்பழத்தின்ரை சாயமாம்.

அடுத்த நாள் வழிகாட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டன். அந்தப் பழம் ஓகஸ்டோடை முடிஞ்சிடுமாம்.

என்ரை மனுசனிட்டை அதைச் சொன்னன்.

"நீர்தானே பாறைக்குக் கீழை பக்கத்திலை இருந்து அந்தப் பழத்தை ஊட்டினீர்... ஆனால் ஏன் சுபானி, என்னோடை டொச்சிலை கதைச்சனீர்?"