பங்கருக்குள் ஒரு மணவறை

குளியலறைக்குள்ளிருந்து பாலசிங்கத்தின் குரல் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகத் தன் பெயரையும் பிறந்த திகதியையும் பிறந்த ஊரையும் ஜெர்மன் மொழியில் யாருக்கோ ஒப்புவித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் சொல்லி முடித்ததும் செருமினார். மறுபடியும் பெயரிலிருந்து தொடங்கினார்.

அடுப்படியில் நின்ற பத்மினிக்கு இது புதிதல்ல. கந்தோர்க்காரர் என்கிற அலுவலக அதிகாரிகள் எவரையும் சந்திக்குமுன் அவளுடைய கணவர் இப்படித்தான். மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கூப்பிட்டாலும் சரி, பஸ் அட்டை புதுப்பிக்கப் போனாலும் சரி, முதலில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு விசாரணை நடந்து முடிய வேண்டும்.

"என்னப்பா, அந்த மனுசி எங்கடை பங்கரைப் பாக்கத்தான் வாறா. உங்கடை சாதகத்தைப் பாக்க இல்லை" என்று பத்மினி கதவில் தட்டினாள்.

"உமக்குத் தெரியாது. அவங்கள் எங்கை துவங்கி எங்கை கொண்டுபோய் முடிப்பாங்கள் எண்டு ஆர் கண்டது?"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. எண்பத்தொன்பதாம் ஆண்டு பாலசிங்கம் சுவிசுக்கு அகதியாக வந்தபோது, முதல் விசாரணையில், கொழும்புக்குத் தன்னை ஏற்றிவந்த பஸ் நீல நிறம் என்றார். இரண்டாம் விசாரணையில் பச்சை என்றார். அந்த நிறம் அவர் தலையில் இடியாக விழுந்தது. நம்மவர்கள் 'நெகட்டிவ்' என்று சொல்லும் நிராகரிப்பு வந்து சேர்ந்தது. 'ரெக்கூர்ஸ்' என்கிற மேன்முறையீடு செய்து, வருடக்கணக்காகக் காத்திருந்துதான் வென்றார். உண்மையில் அந்த பஸ் பாதி நீலம், பாதி பச்சை. அதை அவரிடம் ஒருவருமே கேட்கவில்லை.

அன்றிலிருந்து அரசாங்கத்தைப் பற்றி அவருக்கு இரண்டே நம்பிக்கைகள். எத்தனை தரம் கேட்டாலும் கதை ஒன்றாக இருக்க வேண்டும். முதல் முடிவு எப்போதும் நெகட்டிவாகத்தான் வரும்.

பேர்ன் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடும்பம். அவருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. ஆனால் மனசு மட்டும் கலியாண வீட்டில் இருந்தது. பாரிசில் மணவறை வாடகைத் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து முழு மணவறையையும் வாங்கி, வாடகை வான் வண்டியில் இரவோடிரவாகக் கொண்டுவந்திருந்தார். தங்க நிறத் தூண்கள் நான்கு, யானைகள் இரண்டு, அன்னங்கள் இரண்டு, சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளைக் கதிரை, பெண் கதிரை. போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று சுவிஸ்காரர் கட்டடங்களுக்குக் கீழே கட்டிவைக்கும் கொங்கிறீற் அறை இருக்கிறதல்லவா, நம்மவர்கள் பங்கர் என்பது, அதை வீட்டுக்காரக் கம்பனியிடம் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் அங்கே அடுக்கினார்.

தொழில் தொடங்கவில்லை. நான்கு வருடமாகத் தொடங்கவில்லை.

"அரசாங்கத்தின்ரை பேமிசன் இல்லாமல் வாடகை வாங்கினால் அது குற்றம். சும்மா குடுத்தால் உதவி" என்பார். ஆகவே பேர்ன் முழுவதற்கும் சும்மா கொடுத்தார். தூண்களைத் தானே சுமந்தார், தானே பூட்டினார், தானே கழற்றினார். இதில் மிகவும் உருகியவர் பத்மினியின் தமையன் மகேஸ்வரன். அவருக்குப் பெண்பிள்ளைகள் மூன்று.

"மச்சான், அரசாங்கத்தோடை கொழுவாதேங்கோ. நீங்கள் செய்யிறது புண்ணியம்" என்று மகேஸ்வரன் கண்கலங்குவார். அவர் இரவல் வாங்கிப்போன ஒரு நாளில்தான் அன்னத்தின் கழுத்து முறிந்தது.

இந்த இலையுதிர்காலத்தில் சலவைக்கூடத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. வருகிற வருடத்திலிருந்து பாலசிங்கத்தின் பிரிவு முழுக்க இரவு வேலைக்கு மாறுகிறது. விருப்பமில்லாதவர்கள் மாத முடிவுக்குள் விலகிக்கொள்ளலாம். அவர் அன்று சாப்பிடவில்லை. இரவு எழும்பியிருந்து, மகள் ரிஷானியைக் கொண்டு, ஊராட்சிக் கந்தோருக்கு அனுமதி கேட்டு எழுதுவித்தார். வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. வருகிற அதிகாரியின் பெயர் ஃபிராவ் சும்ஸ்டைன், அதாவது திருமதி சும்ஸ்டைன். டெர்மின் என்கிற அந்தச் சந்திப்புத்தான் இன்றைக்கு.

மணி அடித்தது. கோட்டு சூட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கடித உறையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூக்குமேடைக்கு நடப்பவர் போலப் பாலசிங்கம் வெளியே வந்தார்.

ஃபிராவ் சும்ஸ்டைன் நனைந்த குடையுடன் நின்றாள். குட்டையான, சிரித்த முகமுள்ள பெண். ரிஷானியையும் கூட்டிக்கொண்டு நால்வருமாகக் கீழே இறங்கினார்கள். பங்கரின் கனத்த இரும்புக் கதவைத் திறந்து ரிஷானி விளக்கைப் போட்டதும், கொங்கிறீற் சுவர்களுக்கு நடுவே தங்கம் பளபளத்தது. வந்தவள் ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழகாக இருக்கிறது! இந்தத் தொழிலை ஏன் தொடங்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கேள்வி 'ஏன்' என்று வந்ததுதான் தாமதம், பாலசிங்கத்துக்குப் பழைய பாடம் தானாக வந்துவிட்டது. கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்:

"எனக்கு வேறு வழியில்லை. என்னால் திரும்பிப் போக முடியாது. திருப்பி அனுப்பினால் என் உயிருக்கு உத்தரவாதம் இல்லை."

அவள் திடுக்கிட்டாள். "எங்கே?"

"சலவைக்கூடத்துக்கு."

"ஐயோ அப்பா!" என்று ரிஷானி தலையில் கைவைத்தாள். "அவ உங்களை விசாரிக்க வரேல்லை. சும்மா கதைக்கிறா."

"சும்மா கதைக்கிற மாதிரித்தான் பிள்ளை அவங்கள் துவங்குவாங்கள்."

ஃபிராவ் சும்ஸ்டைன் பொருட்களைப் பார்வையிட்டாள். அன்னங்கள் எத்தனை என்று கேட்டாள். "இரண்டு" என்றார் உறுதியாக. அவள் அவற்றை மூடியிருந்த துணியை விலக்கினாள். உடல்கள் இரண்டு இருந்தன, தலை ஒன்றுதான் இருந்தது. பாலசிங்கத்தின் முகம் பேயறைந்ததுபோல் வெளுத்தது. நீலம், பச்சை!

"நான் பொய் சொல்லவில்லை. மற்றத் தலை மேலே அடுப்படியில் இருக்கிறது. பசை காய்கிறது. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். பத்மினி அந்தத் தலையை எடுத்துவர மாடிக்கு ஓடப்போனாள். வேண்டாம் என்று ஃபிராவ் சும்ஸ்டைன்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு விஷயம் மட்டும்" என்றாள். "அவசர வழியை மறைத்துக்கொண்டு இந்த யானை நிற்கிறது. அதைத் தள்ளிவையுங்கள். போர் என்று வந்தால் ஐந்து நாளைக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும்."

ரிஷானி மொழிபெயர்த்தாள். பாலசிங்கம் முதன்முறையாக விசாரணைக் குரலை மறந்தார். "ஐஞ்சு நாளோ? ஊரிலை ஐஞ்சு நிமிசமும் தரேல்லை."

பிறகு சட்டென்று நினைவு வந்து, கக்கத்திலிருந்த உறையை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் பிரித்து வாசித்தாள். புருவம் உயர்ந்தது.

"'நிராகரிப்பை எதிர்த்து மேன்முறையீடு' என்று இருக்கிறது. எந்த நிராகரிப்பு?"

"இனி நீங்கள் தரப்போகிறது."

ரிஷானி அன்னத்தின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

ஃபிராவ் சும்ஸ்டைன் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். நிதானமாக, சொல் சொல்லாக, அவருக்கு விளங்கும் ஜெர்மனில் பேசினாள். மணவறை வாடகைக்கு விடுவதற்குத் தங்கள் கந்தோரில் அனுமதி எதுவும் எடுக்கத் தேவையில்லை. யானையைத் தள்ளிவைத்தால் அறையும் சரி. சுயதொழில் செய்கிறேன் என்று முதியோர் காப்புறுதியில் பதிய வேண்டும், அது வேறு கந்தோர், அதற்குத் தான் உதவுவாள். அவர் நான்கு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

"வடிவாக் கேள் பிள்ளை" என்றார் பாலசிங்கம் மகளிடம் இரகசியமாக. "இது முதல் முடிவு. இதுக்குள்ளை ஏதோ இருக்கு."

"ஒண்டுமில்லை அப்பா. ஓம், செய்யலாம் எண்டுறா."

"முதல் தரமே ஓம் எண்டுறாவோ?"

"ஓம் எண்டுறா!"

"அப்ப ஏன் எனக்கு நாலு வரியமா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீங்கள் நாலு வரியமா ஒருத்தரையும் கேக்கேல்லை."

அவர் பின்னால் கைவிட்டுத் தடவி, அகப்பட்ட மாப்பிள்ளைக் கதிரையில் தொப்பென்று அமர்ந்தார். எதிர்த்து நிற்பதற்கு ஒரு கந்தோரும் இல்லாத பாலசிங்கத்தைப் பத்மினி அன்றுதான் பார்த்தாள். எவ்வளவு சிறிய மனிதராக இருந்தார்! அவள் கண்கள் கலங்கிவிட்டன. அழுதுவிடுவாரோ என்று பயந்து பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பத்மினி."

"சொல்லுங்கோப்பா."

"கொண்ணருக்குப் போன் அடியும். நடுவில் மகளின்ரை கலியாணத்துக்கு மணவறை கேட்டவரெல்லோ? தாறம் எண்டு சொல்லும்."

"சரி."

"வாடகைக்கு எண்டு சொல்லும்."

"அண்ணை கோவிப்பார்."

"கோவிச்சால் ரெக்கூர்ஸ் போடட்டும்."

ஃபிராவ் சும்ஸ்டைன் குடையை எடுத்துக்கொண்டாள். ரிஷானிக்குக் கைகொடுத்தாள், பத்மினிக்குக் கைகொடுத்தாள். வாசலில் நின்று திரும்பி, கதவைச் சாத்தவா என்று கேட்டாள்.

பாலசிங்கம் எழும்பவில்லை. வெல்வெட்டில் நன்றாகச் சாய்ந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, பக்கத்து யானையின் தலையில் ஒரு கையைப் போட்டபடி, தமிழிலேயே சொன்னார்:

"ஓம், சாத்திப்போட்டுப் போங்கோ."

அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். வெளியே நின்று இரண்டு கையாலும் இழுத்தாள். கனத்த இரும்புக் கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.