சண்டியனுக்குச் சுவரில் ஓர் இடம்

அன்று சனிக்கிழமை. எங்கள் கழகத்து ஐஸ் ஹொக்கி மண்டபத்தின் சிற்றுண்டிக் கடைக்குள் நின்றவர்கள் நான்கு பேர்: நான், கழகத்தில் விளையாடும் என் மகள் தாரணி, ரொம்மன் பகுதியிலிருந்து வரும் சிவபாலன் அண்ணை, பயிற்சியாளர் மாரித். மாரித்தின் கைத்தொலைபேசி அடித்தது. மறுமுனையில் பேசியவர் எங்கள் கழகத்துப் பெரியவர் ஒட்வாரின் தங்கை. விடியற்காலையில், நித்திரையிலேயே ஒட்வாரின் மூச்சு அடங்கிவிட்டதாம். மாரித் அதைச் சொன்னதும் சிவபாலன் அண்ணை வாஃபல் சுடும் இயந்திரத்தை அணைத்தார்.

"நித்திரையிலயோ? ஒருத்தரோடயும் அடிபடாமலோ?" என்றாள் தாரணி.

முதலில் திடுக்கிட்டோம். பிறகு நால்வருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஒட்வார் அங்கே நின்றிருந்தால் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.

கழகத்துக் குடும்பங்களே, உங்களில் பலருக்கு அவரைக் கதவு திறப்பவராகத்தான் தெரியும். ஆட்டத்தில் பிழை விட்ட பிள்ளைகளை இரண்டு நிமிடம் இருத்தி வைக்கும் கூண்டு ஒன்று மைதான ஓரத்தில் இருக்கிறது. அதன் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. இளமையில் அவரும் இதே கழகத்துக்கு விளையாடியவர்தான். ஆனால் கோல் அடிப்பது அவர் வேலை அல்ல. எதிரணியில் யாராவது நம் பக்கத்துச் சிறிய ஆட்டக்காரனை வேண்டுமென்று மோதி விழுத்தினால், கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவனுக்கு முன்னால் போய் நிற்பது அவர் வேலை. நம் பேச்சில் சொன்னால் சண்டியன். மண்டபத்து வாசலில் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் படங்கள் தொங்கும் பெருமைச் சுவரில் அவர் படம் இல்லை.

அவரை நான் அறிந்தது ஒரு வடையால். பெற்றோர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் டுக்னாட் வேலையில், கடைக் கணக்கை ஒழுங்காக வைக்கிறேன் என்பதற்காக என்னை ஆட்டக் குறிப்பு எழுதும் மேசையில் இருத்திவிட்டார்கள். ஹொக்கி பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கூண்டுக்குள் ஒரு பெடியன் முகம் சிவந்து, மூச்சு வாங்க வந்து இருந்தான். களைத்த பிள்ளையை ஆறவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, இஞ்சித் தேநீரும் உளுந்து வடையும் கொடுத்தேன். அடுத்து வந்தவனுக்கும் கொடுத்தேன். மூன்றாவது பகுதி ஆட்டத்தில் பிள்ளைகள் வரிசையாகப் பிழை விடத் தொடங்கினார்கள். ஒட்வார் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் நோர்வேஜிய மொழியில் கதைத்ததை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தாரணியின்ர அம்மா, என்ன குடுக்கிறியள் அவங்களுக்கு?"

"வடை. பாவம், களைச்சு விழுந்து வருகுதுகள்."

"அவங்கள் களைச்சு வரேல்லை. தண்டனையில இருக்கிறாங்கள்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரோ மேசையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்ர காலத்தில நீங்கள் இருந்திருந்தா, நான் கூண்டை விட்டு வெளியிலயே வந்திருக்க மாட்டன்" என்று சொல்லி, மிச்ச வடையைத் தான் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு மரியாதை எதற்கு?" என்று சொல்லிக்கொண்டே மாலைக்குக் கழுத்தை நீட்டுபவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒட்வார் அப்படியானவர் அல்லர். அவருக்குச் சுவரில் இடம் வேண்டும், அதை மறைக்கவும் மாட்டார். வாசலால் வரும்போதெல்லாம் இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் காட்டி, "இதுதான் என்ர இடம். வெளிச்சம் வடிவா விழுது" என்பார். முன்பல் கட்டிக்கொண்டு படமும் எடுத்து வைத்திருந்தார். நிர்வாகக் குழு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னது: கோல் குறைவு, சண்டை அதிகம்.

சிவபாலன் அண்ணையும் அந்தப் பக்கம்தான். "சண்டியனுக்குப் படம் மாட்டினா, பிள்ளையள் அதைப் பாத்து என்னத்தைப் பழகும்?" என்று கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். தாரணி அதை ஒட்வாரிடமே கேட்டுவிட்டாள்.

"நீங்கள் ஆக்களின்ர மூக்கை உடைச்சனீங்கள். அதுக்கோ படம்?"

அன்று மட்டும் அவர் பகிடி விடவில்லை. "உடைச்சனான். அது பிழை. அதுக்குக் கூண்டுக்குள்ள இருந்தும் இருக்கிறன். ஆனா நான் ஐஸில நிண்ட நேரம் எங்கடை சின்னவங்களுக்குக் கிட்ட ஒருத்தரும் போகேல்லை. அதை ஆர் எழுதினது?"

"நடக்காத ஒண்டை எப்பிடி எழுதுறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

நான் நிரப்பும் தாளில் கோலுக்கு ஓர் இடம் உண்டு, தண்டனைக்கு ஓர் இடம் உண்டு. விழாமல் போன அடியை எழுத இடமில்லை.

போன மாரியில் லில்லெஸ்ட்ரோமிலிருந்து மூக்கு வளைந்த பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளையின் ஆட்டம் பார்க்க வந்தார். அந்த மூக்கை வளைத்தது ஒட்வார்தான் என்று அறிந்ததும் நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுவரைப் பார்த்த அந்த மனிதர் கேட்டார்: "இவன்ர படம் எங்கை? இவனுக்குப் பயந்துதான் நாங்கள் ஒழுங்கா விளையாடினது." கொஞ்சம் யோசித்து, "மாட்டேக்க நேரா மாட்டுங்கோ. என்னை அவன் கோணலாக்கிப்போட்டான்" என்றார்.

ஒருமுறை திருவிழாவுக்கு ஒட்வாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பிள்ளையாரையும் முருகனையும் மரியாதையாகக் கும்பிட்டவர், வைரவர் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். சூலம், நாய், கோரைப் பல்.

"இவர் ஆர்?"

"வைரவர். பிரமனின்ர ஒரு தலையைக் கிள்ளினவர்."

"அதுக்கு எத்தினை நிமிசம் வெளியில விட்டவங்கள்?"

"நிமிசமோ? காசி போய்ச் சேருமட்டும் மண்டையோட்டோட அலைஞ்சவர்."

"பிறகு உள்ளுக்கு எடுத்தவங்களோ?"

"ஓம். எல்லாப் பூசையும் முடிஞ்சு, கடைசியா இவருக்கு விளக்கு வைச்சுத்தான் கோயிலைப் பூட்டுறது. காவல் இவர்தான்."

ஒட்வார் சூலத்தையும் நாயையும் இன்னொருமுறை பார்த்தார். பிறகு தலையாட்டி, "நல்ல கழகம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் குழப்பமில்லை. அடித்ததை நாம் மறைக்கத் தேவையில்லை. வைரவர் கதையில் கிள்ளிய தலையும் இருக்கிறது, அலைந்த அலைச்சலும் இருக்கிறது. இரண்டையும் சொல்லித்தான் விளக்கு வைக்கிறோம். ஒட்வாரின் படத்துக்குக் கீழேயும் உள்ளதை உள்ளபடி எழுதலாம். சிவபாலன் அண்ணை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுதுங்கோ தங்கச்சி, சனம் என்ன சொல்லுது பாப்பம்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒட்வாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, வேண்டியதை வெட்கப்படாமல் நேரே கேட்கும் குணம். கடவுளிடம்கூட நான் சுற்றி வளைத்துத்தான் கேட்டு வந்திருக்கிறேன். இனி அப்படி இல்லை.

கழகத்தில் பிள்ளை விளையாடும் ஒவ்வொரு குடும்பத்தின் கருத்தையும் கேட்டே இந்த முறை முடிவெடுப்போம் என்று நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. கூட்டம் வருகிற வியாழக்கிழமை. ஒட்வாரின் படம் அந்தச் சுவரில் ஏற வேண்டுமா? ஓம் என்றாலும் இல்லை என்றாலும், புதன் பின்னேரத்துக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.