சத்தியம் தீர்ந்துபோன நயினார்

ஆறுமுகநயினாரைப் போலச் சத்தியம் செய்யத் தெரிந்த ஆள் ஒரகடத்தில் இன்னொருவர் கிடையாது. சிகரெட்டை விடுகிறேன் என்று முதலில் திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்தார். அது பதின்மூன்று நாள் தாங்கியது. அடுத்தது குலதெய்வம் சாஸ்தா. அவர் பெயரால் ஒரு மாதம் ஓடியது. பிறகு ஊரில் இருக்கும் அம்மா மேல் செய்தார். அதையும் மீறினார். அந்த அம்மாள் இன்றைக்கும் நடந்தே சந்தைக்குப் போய் வருகிறார் என்பது வேறு விஷயம்.

எனக்குப் பொதுவாகவே சத்தியம் செய்கிறவர்களைக் கண்டால் ஆகாது. விட நினைத்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, சாமியை எதற்கு ஜாமீனுக்கு இழுப்பது? ஆனால் நயினார், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர். பதினோரு வருடமாகப் படப்பையில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறோம். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அதனால் அவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு நிறையவே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கு சைலன்சர் செய்கிறோம். நயினாருக்கு லீக் டெஸ்டில் வேலை. சைலன்சரின் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். எங்காவது குமிழி வந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு மறுபடி வெல்டிங்குக்கு அனுப்புவார். புகைக் குழாய்களை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற மனிதர், ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே கிளியம்மாள் டீக்கடையில் நின்று தானே புகை விடுவார். இதில் இருக்கிற வேடிக்கை எல்லோருக்கும் புரிந்தது, அவரைத் தவிர.

போன பொங்கலன்றுதான் அந்தப் பெரிய சத்தியம். பால் பொங்கிய உற்சாகத்தில், எட்டு வயது மகள் தென்றலின் தலையில் கை வைத்து, "எம்புள்ள மேல சத்தியமா இனி தொடமாட்டேன்" என்றுவிட்டார். மனைவி செல்வலட்சுமிக்கு வந்ததே கோபம். "உங்க பழக்கத்துக்கு எம்புள்ள தலைதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் அந்தச் சத்தியம் ஏழு மாதம் தாங்கியது. நாங்கள்கூட நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, நயினார் சரி என்று முத்திரை குத்தி அனுப்பிய சைலன்சர் ஒன்று ஓட்டையோடு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவரை நாலு வார்த்தை கேட்டார். அன்று மதியம் ஷிப்ட் விட்டதும் நயினார் டீயோடு ஒரு சிகரெட்டும் வாங்கினார். மறுநாள் இரண்டு. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஏலக்காய் மெல்லத் தொடங்கினார். எங்கள் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்க, பஸ்ஸில் மூன்று வரிசைக்கு ஏலக்காய் மணத்தது.

அந்த வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்த தென்றல், தலை வலிக்கிறது என்றாள். நயினாருக்கு உயிரே போய்விட்டது. பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் செய்தோமோ அந்தத் தலை வெடித்துவிடும் என்று சின்ன வயதில் கேட்டவர் அவர்; அதை மகளுக்கும் கதையாகச் சொல்லி வைத்திருந்தார். திருநீறு பூசிப் பார்த்தார். முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார். ஒரு நாள் சிகரெட்டைத் தொடாமல்கூட இருந்து பார்த்தார். தலைவலி நிற்கவில்லை. அந்தப் பயத்தில் மறுநாள் மூன்று குடித்தார். குடித்ததை நினைத்து இன்னும் பயந்தார்.

லைனில் அவரோடு நிற்கிற தாவீது உள்ளூர்ப் பையன், வல்லக்கோட்டைப் பக்கம். ஒருநாள் நயினார் தண்ணீரைப் பார்க்காமலே சைலன்சரைத் தூக்குவதை அவன் கவனித்துவிட்டான். மதியம் டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"இன்னாண்ணா, குமிழி வருதான்னு பாக்காமயே பீஸ எடுக்கிற? வூட்ல எதுனா பிரச்சனையா?"

"புள்ளைக்குத் தலைவலிடே. நாந்தான் காரணம்" என்று நயினார் கையில் சிகரெட்டோடு எல்லாவற்றையும் கொட்டினார்.

கடைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிளியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "சிகரெட்ட நிறுத்தினியா? இல்ல. கொயந்தைய டாக்டர்கிட்ட காட்டினியா? அதுவும் இல்ல. இங்க நின்னுகினு அழுவுற. நல்லா கீது உன் நாயம்."

நல்லவேளையாக அதே வாரம் தென்றலின் பள்ளியிலிருந்தும் தகவல் வந்தது. பிள்ளை, போர்டில் இருப்பதைத் தப்புத் தப்பாகப் பார்த்து எழுதுகிறாள், கண்ணைக் காட்டுங்கள் என்று. சனிக்கிழமை மூவரும் கண் டாக்டரிடம் போனார்கள். தென்றல் பெரிய எழுத்துகளைப் படித்துவிட்டுக் கீழ்வரிசையில் தடுமாறினாள்.

"தலைவலி எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

செல்வலட்சுமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நயினார் முந்திக்கொண்டார். "இன்னையோட சரியா பதினேழு நாளு டாக்டர். நான் சிகரெட்டத் தொட்ட நாலாம் நாளு ஆரம்பிச்சது."

இப்படியொரு வாக்குமூலத்தை எந்தப் போலீஸும் வாங்கியிருக்க முடியாது. தென்றல்தான் கேட்டாள், "அப்ப எந்தலை வெடிச்சிருமா டாக்டர்?"

"வெடிக்காதும்மா. உனக்குத் தூரத்துல இருக்கிறது சரியா தெரியல. கண்ணாடி போட்டா தலைவலி போயிடும். அப்பா சிகரெட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." பிறகு நயினாரைப் பார்த்து, "சம்பந்தம் இல்லைங்கிறதுக்காகக் குடிக்காதீங்க" என்றும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நயினார் மகளைப் பார்த்து, "இனிமே சத்தியமா" என்று ஆரம்பித்தார். பழக்கத்தில் கை தானாக அவள் தலைக்குப் போனது. தென்றல் சட்டென்று பின்னால் நகர்ந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் இதைச் சொல்லும்போது நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த டாக்டர் அறைக் கூத்தை வைத்து ஒரு மாதமாவது கேலி பேசலாம் என்று நினைத்திருந்த நான் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டேன். அதற்குப் பிறகு தென்றல் தலைசீவிக்கொள்ளக்கூட அவர் பக்கத்தில் வருவதில்லை. எல்லாம் அம்மாவிடம்தான். புதுக் கண்ணாடி போட்டுத் தலைவலி போன பிறகும் அப்படித்தான். அதுதான் நயினாரை அரித்தது.

மறுபடி விட வேண்டும். ஆனால் சத்தியம் செய்ய ஆள் மிச்சமில்லை. "யார் மேலடே பண்ணுவேன்?" என்று தாவீதிடமே ஆலோசனை கேட்டார்.

"எங்க பாஸ்டர் சத்தியமே பண்ணக் கூடாதுன்றாருண்ணா. சத்தியம் வாங்கிகினா நாம பீஸ பாஸ் பண்றோம்? தண்ணில முக்கித்தான பாக்கறோம். நீயும் தெனமும் ஊதிக் காட்டு."

அன்றிலிருந்து தினமும் இரண்டேகால் மணிக்கு, பஸ் படியில் தாவீது நின்றுகொண்டு, "ஊதுண்ணா" என்பான். நயினார் அவன் மூக்குக்கு நேரே ஊதுவார். "பாஸ்" என்றால்தான் ஏறலாம். பஸ்ஸே வேடிக்கை பார்க்கும். கிளியம்மாள் இனி சிகரெட் கிடையாது என்று சொல்லிவிட்டு டீயோடு கடலை மிட்டாய் கொடுத்தார். பக்கத்து இரண்டு கடைகளிலும் நயினாரின் அடையாளத்தைச் சொல்லி வைத்தார். கம்பெனி மருத்துவ அறையில் நிக்கோடின் சூயிங்கம் தந்தார்கள். என் பங்கு, அவருடைய எரிச்சலைப் படப்பை வரைக்கும் தாங்குவது. ஜன்னலைத் திறந்தால் ஏன் திறந்தாய் என்பார், மூடினால் ஏன் மூடினாய் என்பார். அறிவுரை சொல்வதைவிட அது கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

செல்வலட்சுமி போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "எங்கிட்ட இனி சத்தியம் பண்ணாதீங்க. வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லுங்க. குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்க, போதும்."

இது எளிதாக இருக்கும் என்று நயினார் நினைத்தார். அக்டோபரில் ஒருநாள், ஞாயிறு ஓ.டி.க்கு வந்தவர், தாவீதும் இல்லை, கிளியம்மாள் கடையும் இல்லை என்று தெரிந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒன்று குடித்துவிட்டார். வீட்டில் செல்வலட்சுமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தென்றல் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் மெல்லாமல் நேராகப் போய் நின்று, "இன்னைக்கு ஒண்ணு குடிச்சுட்டேன்" என்றார்.

"சரி" என்றார் செல்வலட்சுமி. நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு?"

"நாளைக்கு ஊதிக் காட்டணும்."

தென்றல் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணாடி வழியாக அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள் என்று நயினார் சொன்னார். திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்றும் சொன்னார். அதன்பிறகு அவர் குடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

தீபாவளியன்று விடியற்காலையில் செல்வலட்சுமி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி மகளிடம் கொடுத்தார். "எனக்கு அடுப்புல வடை கெடக்கு. அப்பாட்ட போய் வச்சுக்க."

நயினார் கூடத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டவில்லை. நீட்டினால் பின்னால் நகர்ந்துவிடுவாளோ என்று பயம். தென்றல் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்று அவர் கையையே பார்த்தாள். பிறகு வந்து, கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"எண்ணெய் மட்டும் வைங்கப்பா. வேற ஒண்ணும் சொல்லக் கூடாது."

நயினார் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் வைத்தார்.